நாலடித் திட்டி

இடுப்பு விட்டுப்போயிருந்தது. மூன்று நாளாகக் குழிகுழியாக இறங்கிக் குனிந்து, அளவுநாடாவின் நுனியை மண்ணில் அழுத்திப் பிடித்த இடுப்பு. நிமிர்ந்தால் முள்ளந்தண்டின் அடியில் ஆப்பு வைத்து அடிக்கிற மாதிரி இருந்தது. குனிந்தால் மறுபடி நிமிரப் பயமாக இருந்தது. குந்தினால் நிற்கவேண்டும் போல, நின்றால் நடக்கவேண்டும் போல. ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை.

எழுபத்தெட்டாம் ஆண்டு ஆடி மாதம். வட்டக்கச்சிக்கு அப்பால் காட்டுக்குள், போன மாரியில் உடைத்துக்கொண்ட சின்னக் குளம் ஒன்றின் கட்டை உயர்த்துகிற வேலை. நான் நாடா பிடிக்கிறவன். தற்காலிகம். பளையில் அம்மாவும் இரண்டு தங்கச்சிமாரும் இருந்தார்கள். அந்த வீட்டில் உலை வைக்கிறது இந்த நாடாதான்.

கட்டுக்குப் போடுகிற மண்ணைக் குளத்தின் வயிற்றிலேயே வெட்டினார்கள். இருபதடி நீளம், பத்தடி அகலம் என்று ஆளுக்கொரு குழி குறித்துக் கொடுப்போம். வெட்ட வெட்டப் பக்கத்துக் குழிகளோடு விளிம்பு சரிந்து எல்லாம் ஒன்றாகிவிடும். பழைய தரை எங்கே இருந்தது என்று பிறகு ஒருவராலும் சொல்ல முடியாது. அதற்காக ஒவ்வொரு குழியின் நடுவிலும் ஒரு தூண் மண்ணை வெட்டாமல் விடவேண்டும். அதன் தலையில் பழைய தரையின் புல் அப்படியே நிற்கும். அதுதான் அளவுத்திட்டி. திட்டியின் உயரம் எவ்வளவோ, குழியின் ஆழம் அவ்வளவு. நூறு கன அடி ஒரு கியூப். நாலடி நின்றால் எட்டுக் கியூப் மண் வெட்டியாயிற்று என்று கணக்கு.

எட்டுக் கியூப் முடித்தவர்களின் பெயர்தான் அடுத்த வாய்க்கால் வேலைக்கு எழுதப்படும். பெயர் இருந்தால் வேலைக்காரருக்கென்று கட்டிய ஓலை வாடியில் இருக்கலாம். பெயர் இல்லாவிட்டால் அன்றைக்கே சட்டி பானையைத் தூக்கவேண்டும்.

அழகம்மா போன வருசக் கலவரத்தில் மாத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஓடி வந்தவர். நாற்பது வயதிருக்கும். புருசன் சுடலைமுத்து மலேரியாவோடு வாடிக்குள் சாக்கைப் போர்த்துக்கொண்டு கிடந்தார். தாயும், பதினேழு வயது மகள் மீனம்மாவும்தான் வெட்டினார்கள். தாய் வெட்ட, மகள் இரும்புத் தாச்சியில் அள்ளிக் கட்டுக்கு ஏற்றினாள். கல்லுப் போன்ற ஆடி மாத மண். வியாழக்கிழமை பின்னேரம் அழகம்மா என்னைக் கூப்பிட்டு நாடாவைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். சரியாக நாலடி. அங்கே நின்ற திட்டிகளிலெல்லாம் உயரமானது அதுதான்.

"நாலடி வந்திட்டுது அக்கா," என்றேன்.

"நெசமாவா தம்பி?" மண்வெட்டியைக் கீழே போட்டார். "அப்ப மாரி முடியிற வரைக்கும் இங்கனதான். இந்த ஒடம்ப வச்சிக்கிட்டு அவர இனி எங்கயும் தூக்கிக்கிட்டு அலைய முடியாது."

வெள்ளிக்கிழமை வேலை இல்லை. சனி காலையில் எஞ்சினியர் வந்து அளக்கும்வரை ஒருவரும் குழியில் மண்வெட்டி வைக்கக்கூடாது. அவரைக் கூட்டிவர, வேலையை மேற்பார்க்கிற ஓவசியர் கதிர்காமநாதன் கிளிநொச்சிக்குப் போய்விட்டார். வெட்டுகிறவர்கள் வாடிக்கும் காட்டுக்கும் போய்விட்டார்கள். குளத்துக்குள் மிஞ்சியது நாங்கள் நாலு பேர்: நான், ட்றக்டர் ஓடுகிற சின்னராசா, சாமான் அறைக்குப் பொறுப்பான யோகலிங்கம், காவலாளி வீரபாகு. யோகலிங்கத்துக்குத்தான் உடம்பில் சதை இருந்தது. மற்ற மூன்று பேரும் எலும்பு.

மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு மட்டும். அதுவும் ஆளுக்கு இரண்டு துண்டு. சின்னராசா ட்றக்டரில் ஏறினான், இறங்கினான். யோகலிங்கம் சாமான் அறையைப் பூட்டினார், திறந்தார். நான் குளக்கட்டின் இந்தத் தலைப்பிலிருந்து அந்தத் தலைப்புக்கு நடந்து, திரும்ப நடந்து வந்தேன். வெயில் அசையாமல் நின்றது.

திடீரென்று சின்னராசா மண்ணெண்ணெய் ஊற்றுகிற புனலை வாயில் வைத்தான்.

"பெற்றோர்களே, பழைய மாணவர்களே, பசியோட இருக்கிற பெருமக்களே! குளத்தடி மகா வித்தியாலயத்தின்ரை இல்ல விளையாட்டுப் போட்டி இப்ப ஆரம்பமாகுது. பிரதம விருந்தினர், சீமெந்துச் சக்கரவர்த்தி யோகலிங்கம் அவர்கள் மேடைக்கு எழுந்தருளவும்!"

"எழும்பேலாது. இருந்த இடத்தையே மேடையெண்டு வைச்சுக்கொள்," என்றார் யோகலிங்கம், கவிழ்த்த தார்ப் பீப்பாவில் இருந்தபடி.

"விருந்தினர் உரை!"

"பிள்ளையள், வெற்றி தோல்வி முக்கியமில்லை. சோறு எத்தினை மணிக்கு எண்டதுதான் முக்கியம்."

நாங்கள் கை தட்டினோம். வீரபாகு நடுவர். விசில் இல்லை. வாயாலேயே 'பீப்' என்றார். பல் இல்லாத வாயால் காற்றுத்தான் வந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை இல்லம் இல்லமாகப் பிரிக்கிற மாதிரி, மண்வெட்டி இல்லமும் தாச்சி இல்லமும் தோளில் ஆயுதங்களோடு அணிவகுத்தன. மண்வெட்டி இல்லத்தில் சின்னராசா ஒருவன். தாச்சி இல்லத்தில் நான் ஒருவன். வெற்றுச் சீமெந்துப் பை கொடி. பிரதம விருந்தினரை ஒற்றைச்சில்லுத் தள்ளுவண்டியில் ஏற்றி ஓடுகிற போட்டியில், என் முறைக்கு வண்டி சரிந்து விருந்தினர் மண்ணில் விழுந்தார்.

"விருந்தினரைக் கொட்டினதுக்காகத் தாச்சி இல்லத்துக்கு ரெண்டு புள்ளி குறைக்கப்படுது!" என்றது புனல்.

"டேய், என்ரை சாரத்தையும் சேர்த்துக் கணக்கெடுங்கோ. கிழிஞ்சுபோச்சு," என்றார் யோகலிங்கம்.

தாச்சியைத் தலையில் வைத்துப் பின்பக்கமாக ஓடினோம். ஈட்டிக்குப் பதில் இரும்பு அலவாங்கை எறிந்தோம். எல்லாவற்றிலும் சின்னராசாவே வென்றான். வெல்ல வெல்ல அவன் வாய் நீண்டது. "நாடா, நாடா" என்றுதான் அவன் என்னைக் கூப்பிடுவான். தில்லை என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எனக்குச் சிரிப்பு வருவது நின்றுபோய்க் கொஞ்ச நேரமாகியிருந்தது.

"கடைசி நிகழ்ச்சி, உயரம் பாய்தல்! தடியில்லை, கயிறில்லை. பரவாயில்லை, திட்டி இருக்குது."

அவன் குழிக்குள் குதித்து, ஓடிவந்து, மூன்றடித் திட்டி ஒன்றைத் தாண்டினான். அடுத்தது மூன்றரை. அதையும் தாண்டினான். குதிக்கால் புல்லைத் தடவிக்கொண்டு போனது.

"என்ன நாடா, பாயப்போறியோ? இல்லாட்டி அந்த நுனியைப் பிடிச்சுக்கொண்டே கிடக்கப்போறியோ?"

நான் அழகம்மாவின் திட்டியைக் காட்டினேன். "அதைப் பாயிறன்."

"டேய் தில்லை, நாளைக்கு அளக்கிற திட்டியடா," என்றார் வீரபாகு.

"தொடாமத்தானே அண்ணை பாயிறது. தொட்டா அவுட்டு," என்றான் சின்னராசா.

சாரத்தை மடித்துக் கட்டினேன். ஓடினேன். கால் எழும்பியது. இடுப்பு எழும்பவில்லை. முழங்கால் திட்டியின் நெற்றியில் போய் அடித்தது. நான் ஒரு பக்கம் விழுந்தேன். திட்டியின் தலை புல்லோடு மறுபக்கம் விழுந்து இரண்டாக உடைந்தது.

புனல் அறிவிக்கவில்லை.

நாடாவைப் போட்டேன். மூன்றடி மூன்றங்குலம். ஒன்பதங்குலம் போய்விட்டது. இருபதுக்குப் பத்தடிக் குழியில் ஒன்பதங்குலம் என்றால் ஒன்றரைக் கியூப்.

"ஓவசியர் வந்தவுடனை சொல்லுவம்," என்றேன்.

"சொல்லு," என்றான் சின்னராசா. "வேலைத்தலத்திலை நிண்டு கூத்தடிச்சதெண்டும் சொல்லு. அளக்கப்போற திட்டிக்கு மேலாலை பாஞ்சதெண்டும் சொல்லு. நாளைக்கு நாலு பேரும் வீட்டை போகவேண்டியதுதான். பேந்து பளைக்குப் போய்க் கொம்மாவிட்டையும் சொல்லு."

யோகலிங்கம் சாரத்தின் கிழிசலைத் தடவிக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்டும் தெரியாது. நான் விருந்தினர்," என்றார். அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

வீரபாகுதான் வழி சொன்னார். குளத்தின் ஆழப் பக்கத்தில் இன்னும் ஈரம் இருந்தது. அங்கேயிருந்து களிமண் எடுத்துவந்து பூசி, உடைந்த இரண்டு துண்டையும் பொருத்தி, புல்லை முன்போல வைத்து, வெடிப்பைக் கையால் தடவி மூடினோம். புழுதி தூவினோம். மறுபடி அளந்தேன். நாலடி. ஓர் அங்குலம் கூடவுமில்லை, குறையவுமில்லை.

"பொய்யொண்டும் இல்லையே," என்றான் சின்னராசா. "இருந்ததைத்தானே இருந்த இடத்திலை வைச்சிருக்கிறம்."

சனி விடிந்ததும் குழிக்குப் போனேன். அழகம்மா எனக்கு முன்பே வந்து, குச்சிகளைக் கட்டிக் குழியின் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார். வீட்டு முற்றம் மாதிரி இருந்தது. களி காய்ந்திருந்தது. மயிர் அளவு வெடிப்பு ஒன்று. அவர் அதைப் பார்க்கவில்லை. வெட்டி முடித்த குழியின் அடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேத்தண்ணி குடிக்கிறீங்களா தம்பி? சீனிதான் இல்ல."

"அக்கா…"

"என்னா தம்பி?"

"ஒண்டுமில்லை. நேரமாகுது."

ஒன்பது மணிக்கு ஜீப் வந்தது. எஞ்சினியர் மணிக்கூட்டைப் பார்த்தபடியே இறங்கினார். ஓவசியர் முன்னால் நடந்தார். முதல் குழி. நான் குனிவதற்கு முன் ஓவசியர் கைத்தடியால் திட்டியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்டுகிறவர்களில் சிலர் ஆழம் குறைந்தால், திட்டியின் மேல் புல்லோடு ஒரு கட்டி மண்ணை ஒட்டி உயரம் காட்டுவார்கள். அதற்குத் தொப்பி வைக்கிறது என்று பெயர். அதைப் பிடிக்கத்தான் அந்தத் தடி. மூன்று மாதமாகத் தினமும் அந்தத் தடிக்குப் பின்னால் நடக்கிற நான், அழகம்மாவின் திட்டிக்கு என் கையாலேயே தொப்பி வைத்திருந்தேன்.

ஏழு குழி. ஏழிலும் தட்டினார். எட்டாவது அழகம்மாவுடையது. முதல் தட்டிலேயே தலை கழன்று விழுந்தது. உள்ளே களி கறுப்பாக, எங்கள் விரல் அடையாளத்தோடு தெரிந்தது.

"தொப்பி வைச்சிருக்கு, சேர்," என்றார் ஓவசியர். "இந்த மனிசி செய்வா எண்டு நான் நினைக்கேல்லை."

"மிச்சம் எவ்வளவு நிக்குது?" என்று கேட்டார் எஞ்சினியர்.

குனிந்தேன். "மூண்டடி மூண்டங்குலம்."

"ஆறரை எண்டு எழுது. பேரை வெட்டு."

அழகம்மா அப்போதுதான் விளங்கி ஓடி வந்தார். "ஐயா, சாமி சத்தியமா நான் தொடலைங்க. எம் மக தொடலைங்க. நான் எதுக்குங்க ஒட்டணும்? நாலடி இருந்திச்சிங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். முகத்தில் பயம் இல்லை. என்னைக் கண்டதும் ஒரு தென்பு வந்திருந்தது. "தம்பி, நீங்கதான வியாழக்கிழம அளந்தீங்க? ஒங்க வாயாலதான நாலடின்னு சொன்னீங்க? ஐயாகிட்ட சொல்லுங்க தம்பி."

ஓவசியர் என்னைப் பார்த்தார். "அளந்தனியோ தில்லை?"

சின்னராசா ட்றக்டரின் சில்லுக்குப் பக்கத்தில் நின்று, இல்லாத ஊத்தையைத் துணியால் துடைத்தான். வீரபாகு காட்டைப் பார்த்தார். யோகலிங்கம் அந்தப் பக்கமே வரவில்லை.

"உத்தேசமாத்தான் ஐயா பாத்தனான்," என்றேன். "வடிவா ஞாபகமில்லை."

அழகம்மா என்னைத் திட்டவில்லை. மகளிடம் சொன்னார்: "மீனா, மம்பட்டிய எடு." பிறகு ஓவசியரிடம், "இப்பவே வெட்டிக் குடுத்துர்றோம் ஐயா. பொழுது சாயிறதுக்குள்ள வெட்டிர்றோம்."

"இண்டைக்குப் பட்டியல் போகவேணும். கள்ள வேலைக்குத் தவணை குடுக்கேலாது," என்றார் எஞ்சினியர். அடுத்த குழிக்குப் போனோம். நான் மறுபடி குனிந்து நாடாவின் நுனியைப் பிடித்தேன். அந்த நாளில் இன்னும் பதினொரு குழி இருந்தது.

மத்தியானம் அவர்கள் போனார்கள். பெருந்தெருவரை ட்றக்டரில் கொண்டுபோய் விடச் சொன்னது ஓவசியர். அந்த அளவுக்கு அவர் நல்ல மனிதர். சுடலைமுத்துவை நானும் வீரபாகுவும் தூக்கி ட்றக்டரின் இழுவைப் பெட்டியில் ஏற்றினோம். அந்த வெயிலில் பல்லுக் கிடுகிடுத்தது அவருக்கு. அவர் உடம்பின் சூடு என் கழுத்துவரை ஏறியது. பானைகளையும் நான்தான் ஏற்றினேன்.

"எங்கை அக்கா போறியள்?"

"பூநகரிப் பக்கம் ஒரு சனம் இருக்குன்னாங்க. பாப்பம்." அழகம்மா பெட்டியின் விளிம்பைப் பிடித்தார். "அந்தப் பானைய மெதுவா வைங்க தம்பி. கீறல் விட்டிருக்கு."

மீனம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கலாம். களியில் இருந்த விரல்கள் பெண்பிள்ளை விரல்கள் இல்லை. சின்னராசா ட்றக்டரைக் கிளப்பினான்.

நான் குளக்கட்டில் ஏறி நடந்தேன். இந்தத் தலைப்பிலிருந்து அந்தத் தலைப்புக்கு. திரும்ப இந்தத் தலைப்புக்கு. அழகம்மாவும் மகளும் வெட்டிச் சுமந்த எட்டுக் கியூப் மண்ணும் என் காலுக்குக் கீழே கிடந்தது. கடதாசியில் ஆறரை. அந்த மாரிக்குக் கட்டு நின்றது. உடையவில்லை. அடுத்த வருசம் என்னை நிரந்தரமாக்கினார்கள்.

பூநகரிக்கு இரண்டு தரம் போனேன். ஒரு நாளைக்கு ஒரு பஸ். மாத்தளைப் பக்கத்துச் சனம் என்று கேட்டால் பத்து வீட்டைக் காட்டுவார்கள். பத்திலும் அவர்கள் இல்லை. இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது.

அழகம்மாவுக்கு ஒன்றரைக் கியூப் மண் நான் தரவேண்டும். இன்னும் கொடுக்கவில்லை.