உட்கார்ந்திருந்தவர்களின் ஓட்டு

நடீன் திபோவுக்கு வலது தோள்பட்டை விண்விண் என்று தெறித்தது. கூரை வேயும் ஸ்லேட் கல்லை வாரம் முழுக்க ஏணியில் சுமந்து ஏற்றிய தோள். நாற்காலியில் சாய்ந்தாலும் வலி, நிமிர்ந்தாலும் வலி. போதாததற்கு, அவளோடு படித்து முடித்தவர்கள் எல்லாருக்கும் ஒரேமாதிரி தைத்த ஆரஞ்சு நிறக் கோட்டு அக்குளில் இறுக்கியது.

பழைய மாணவர் கூடும் ஜூன் மாதச் சனிக்கிழமை. கல்லூரிப் புல்வெளியில் பெரிய வெள்ளைக் கூடாரம். ஆற்றுக்கு அக்கரையில் ஊர்த் தேவாலயத்தின் கூரை பாதி திறந்து கிடந்தது. அங்கே அவள் தம்பி லூக் தனியாக ஆணி அடித்துக்கொண்டிருந்தான். நாளைக்கு மழை. இருட்டுவதற்குள் மூடியாக வேண்டும்.

"போய்த் தொலைக்கா," என்று காலையில் அவன் சொல்லியிருந்தான். "பெரிய மனுஷங்களோட உக்காந்து சாலட் தின்னு. உன் பக்கத்தையும் நானே பாத்துக்கறேன். தோத்துட்டு மட்டும் மூஞ்சியக் காட்டாத."

அவள் படித்து முடித்து இரண்டு ஆண்டு கழித்து லூக்கும் இதே கல்லூரிக்கு மனுப் போட்டான். மதிப்பெண் அவளைவிட அதிகம். இடம் கிடைக்கவில்லை. அவன் இடம் யாருக்குப் போனது என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் பழைய மாணவரின் பிள்ளைகளுக்குத் தனிச் சலுகை உண்டு என்பது ஊரறிந்தது. அதை ஒழிக்கவேண்டும் என்ற தீர்மானம் இன்று ஓட்டுக்கு வருகிறது. கொண்டுவந்தவள் நடீன். இந்தக் கூட்டம் முடிவெடுத்தால் நிர்வாகம் ஏற்றே ஆகவேண்டும் என்பது பழைய மாணவர் சங்கத்தின் விதி.

தலைவர் எல்லிஸ் வெதர்பீ மைக்கைப் பிடித்தார். அவருடைய அப்பா, தாத்தா, தாத்தாவின் அப்பா எல்லாரும் இங்கே படித்தவர்கள். மகன் அடுத்த ஆண்டு மனுப் போடுகிறான்.

"ஏம்மா நடீன், உங்க பொண்ணும் ஒருநாள் இங்க வரணும்னுதானே நெனப்பீங்க? அவ பங்கையும் சேத்தில்ல வெட்டுறீங்க?"

"வரட்டும் சார். நான் தெனம் ஏணியில ஏறித்தான் கூரைக்குப் போறேன். அவளும் ஏறட்டும். பொறந்த ஒடனே கூரை மேல உக்கார வச்சா எறங்கத் தெரியாமப் போயிடும்."

பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். வெதர்பீ சிரித்தார். ஜெயிப்போம் என்று நம்புகிறவனின் சிரிப்பு.

"ஓட்டுக்கு முன்னாடி நம்ம வழக்கத்தை விடக்கூடாது. அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி யாராவது இங்க படிச்சிருந்தா எழுந்து நில்லுங்க. இந்தக் கல்லூரிக் குடும்பத்தை எல்லாரும் கண்ணால பாக்கட்டும்!"

ஆண்டுதோறும் முன்வரிசைக்காரர்கள் எழுவார்கள், எல்லாரும் கைதட்டுவார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இன்று திரும்பிப் பார்த்தார்கள். எழுந்தவர்கள் முன்னால் ஒரு கொத்து, அங்கங்கே சிலர். மற்றவர்கள் எல்லாரும் நாற்காலியில். மருத்துவர்கள், வாத்தியார்கள், பேருந்து ஓட்டியவரின் மகன், வீடு கூட்டியவளின் மகள். தங்கள் தலைகள் எத்தனை என்று அவர்கள் அன்றுதான் பார்த்தார்கள். கைதட்டல் பாதியில் நின்றது.

வெதர்பீயின் முகம் வெளுத்தது. "சரி, உக்காருங்க, உக்காருங்க. தீர்மானத்துக்கு ஆதரவா இருக்கறவங்க..."

அவர் முடிக்கவில்லை. நாற்காலிகள் புல்லில் இழுபட்டன. கூடாரமே எழுந்தது. படித்து ஐம்பது ஆண்டான வகுப்பிலிருந்து ஹேரியட் ஓக்ஸ் என்ற கிழவி, மூன்று தலைமுறையாக இங்கே படித்த குடும்பத்துக்காரி, முன்பு எழுந்தவள் உட்காராமலே நின்றாள்.

"ஹேரியட், அது போன ரவுண்டு! உக்காருங்க!"

"தெரியும் எல்லிஸ். இந்த ரவுண்டுக்கும் சேத்துத்தான் நிக்கறேன். என் பேத்தி என்னைத் திட்டுவா, திட்டட்டும்."

எண்ணவே தேவைப்படவில்லை. யாரோ நடீனைத் தூக்கினார்கள். தோள் கத்தியது, அவளும் கத்தினாள், மகிழ்ச்சியில்தான். கோட்டின் அக்குள் தையல் பிரிந்தது. அந்தக் கூடாரத்தில் அவ்வளவு சத்தத்தை எந்த ஜூனும் கேட்டதில்லை.

கோட்டோடு பாலத்தில் ஓடி, ஏணிக்கடியில் நின்று கூவினாள்: "லூக்! ஒழிச்சாச்சுடா!"

மேலே சுத்தியல் சத்தம் நின்றது. கூரை முழுக்க மூடியிருந்தது, அவள் பக்கமும் சேர்த்து. லூக் விளிம்பில் உட்கார்ந்து அழுதான், சிரித்தான், மூக்கைக் கையுறையில் துடைத்தான்.

"எனக்கு லேட்டு. ஆனா நல்லாருக்கு," என்றான். பிறகு முதுகைப் பிடித்துக்கொண்டு முனகினான். "அக்கா, உன் பக்கத்தை நான்தான் முடிச்சேன். மறந்துடாத."

மறக்கவில்லை. தம்பிக்கு அவள் ஒரு முழுச் சனிக்கிழமைக் கூரை வேலை பாக்கி.