பங்கில்லாத சாட்சி

முப்பத்தாறு வருஷம் கல்லூரி அலுவலகத்தில் குப்பை கொட்டியவர் இருதயநாதன். ஒரு கமா இடம் மாறியிருந்தாலும் ஃபைலைத் திருப்பி அனுப்பிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் எழுதிய உயிலில் குற்றம் கண்டுபிடித்துவிட்டாள், மகள் வயசுகூட ஆகாத ஒரு பெண்.

"உயில் செல்லும் அங்கிள். பெலிண்டாவுக்கு வீடுன்னு எழுதியிருக்கேளே, அது மட்டும்தான் செல்லாது" என்றாள் ஹம்ஸா.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. உயிலில் இருந்ததே அந்த ஒன்றுதான். எடமலைப்பட்டி புதூரில் உள்ள வீடு, தமக்குப் பிறகு பெலிண்டாவுக்கு.

பெலிண்டா, இறந்துபோன அவர் மனைவி சகாயம்மாளின் தங்கை மகள். பெரியம்மா படுக்கையில் கிடந்த இரண்டு வருஷமும் முகம் சுளிக்காமல் எல்லாம் அள்ளிப் போட்டவள். இப்போதும் கணவன் பிரவீன்ராஜோடு மாடியில் இருந்துகொண்டு இவருக்குச் சோறு போடுகிறாள். ஒரே மகன் பிரிட்டோ புனேயில் நல்ல வேலையில் இருக்கிறான். உயிலைப் பற்றி அவனிடம் இவர் மூச்சு விடவில்லை. பயம், வேறென்ன?

உயில்கூட சொந்தச் சரக்கு இல்லை. அதே அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரராக இருந்த ஸ்ரீனிவாசராகவனின் உயிலைப் பார்த்து எழுதியது. பெயர், விலாசம், நாலெல்லை எல்லாம் மாற்றினார். அரங்கன் கடாட்சம் என்றிருந்த இடத்தில் ஆண்டவர் இயேசுவின் கிருபை என்று போட்டார். ராகவன் மகளுக்கு எழுதி, அவள் கணவரையே சாட்சிக் கையெழுத்துப் போட வைத்திருந்தார். இவரும் பெலிண்டாவுக்கு எழுதி, பிரவீன்ராஜைப் போட வைத்தார். பழைய ஃபைல் ஒன்று இருந்தால் அதன்படி போக வேண்டும், சொந்த மூளையைப் பயன்படுத்தக் கூடாது என்பது ஆபீஸ் வேதம். இன்று ஸ்ரீரங்கத்துக்கு அதை எடுத்துவந்து காட்டியதே நண்பரிடம் ஒரு சபாஷ் வாங்கத்தான். அங்கே ராகவனின் மருமகள் ஹம்ஸா வக்கீலாக இருந்து தொலைத்தாள்.

"கிறிஸ்டியன்ஸுக்குன்னு ஒரு செக்‌ஷன் இருக்கு அங்கிள். சாட்சி போடறவருக்கோ, அவர் மனைவிக்கோ எழுதினது செல்லாது. எங்களுக்கு அது கிடையாது."

"ராகவன் மாப்பிள்ளை போட்டா செல்லும், எங்க பிரவீன்ராஜ் போட்டா செல்லாதா? என்னம்மா நியாயம் இது?"

"சாமியை மாத்தினீர், சட்டத்தை மாத்தலையே ஓய்!" என்று ராகவன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

இருதயநாதன் உயிலைச் சட்டென்று மடித்தார். "அப்ப வீடு?"

"பிரிட்டோவுக்குப் போயிடும். ஆனா பயப்படாதீங்கோ, புதுசா எழுதிக்கலாம். எதுவும் கிடைக்காத ரெண்டு பேர் சாட்சி போடணும். எங்க மாமனார் ஒருத்தர் இருக்கார். இன்னொருத்தரையும் பார்த்துக்கோங்கோ. நாளைக்குக் கேஸ் வந்தா கோர்ட்டுல வந்து சொல்லணும்."

"கேஸா? யாரும்மா போடுவாங்க?"

"போட்டா பிரிட்டோதான் போடணும்."

பஸ்ஸில் திரும்பும்போது கணக்குப் போட்டுப் பார்த்தார். எதுவும் கிடைக்காத ஆள் வேண்டுமாம். அது பிரிட்டோ. கேஸ் போடக்கூடிய ஆளும் பிரிட்டோ. அப்படியானால் அவனையே சாட்சியாகப் போட்டுவிட்டால்? காவிரிப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றபோது ஹம்ஸாவுக்குப் போன் போட்டுக் கேட்டார்.

"சட்டப்படி தடையில்லை அங்கிள். சாட்சி போடறவர் உள்ளே என்ன எழுதியிருக்குன்னு படிக்கணும்னுகூட அவசியம் இல்லை. ஆனா…"

அந்த ‘ஆனா’ அவர் காதில் விழவில்லை. படிக்க வேண்டியதில்லை! தம் சாமர்த்தியத்தை நினைத்துப் பாலம் தாண்டுகிறவரை மெச்சிக்கொண்டார். தாண்டியதும், இது சாமர்த்தியமா, பெற்ற பிள்ளையிடமே செய்கிற திருட்டுத்தனமா என்று குழம்பினார். இறங்க வேண்டிய இடத்தையும் கோட்டைவிட்டார்.

அடுத்த மாதம் பிரிட்டோ வந்தான். "ஒரு சாட்சிக் கையெழுத்து போடணும், வாடா" என்று மட்டும் சொல்லி ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துப் போனார். ஹம்ஸா அச்சடித்து வைத்திருந்த தாளில் முதலில் இவர் போட்டார். அடுத்து ராகவன் போட்டார். பிரிட்டோவின் முறை வந்தபோது, அந்தக் காலத்தில் பிரின்சிபாலிடம் கையெழுத்து வாங்கியதுபோல் மேல்பாதியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, "இங்க போடு" என்று விரலைக் காட்டினார்.

பிரிட்டோ போட்டான்.

ராகவனுக்குப் பொறுக்கவில்லை. "என்னடாப்பா, படிக்காமலே போடறே?"

"தெரியும் அங்கிள். வீடு பெலிண்டாவுக்கு. முதல் உயில்ல பிரவீன்ராஜ் சாட்சி போட்டப்பவே அவ போன் பண்ணி அழுதா. ‘எனக்கு வேணாம்ணே, பெரியப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க’ன்னா. பேசாம வாங்கிக்கன்னு நான்தான் அதட்டினேன். அம்மாவுக்கு அவ செஞ்சதுல பாதி நான் செஞ்சிருப்பேனா?"

பிரிட்டோ அப்பாவின் பக்கம் திரும்பினான்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போன்ல காத்துக்கிட்டிருந்தேன்ப்பா. புனேல மழையான்னு கேட்டுட்டு வச்சிடுவீங்க."

பெலிண்டாவுக்கு வீடு உறுதியாகிவிட்டது. நினைத்தது நடந்துவிட்டது. பிறகு ஏன் இருதயநாதனுக்குச் சந்தோஷம் வரவில்லை? இத்தனை நாளும் எந்தப் பிள்ளைக்குப் பயந்தோம், இந்தப் பிள்ளைக்கா? தாளை மூடியபடியே உட்கார்ந்திருந்தார்.

"கையைக் கொஞ்சம் எடுங்கப்பா" என்றான் பிரிட்டோ. "தேதி மேலதானே இருக்கு, பாத்துப் போடணும்."