ஆளில்லாத வாசல்

"மூத்த மகன் வந்திருக்கிறார்" என்று வாசல் கருவி அறிவித்தது. மாமியார் கையில் அகப்பட்ட சீப்பால் முன்முடியை வாரிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார். யாரும் இல்லை. மூத்த மகன் கடல் கடந்து வேறு தேசத்தில் இருந்தான்.

பார்வை மங்கிய பிறகும் தனியாகவே இருப்பேன் என்று அவர் பிடிவாதம் பிடித்ததால் மருமகள் செய்து மாட்டிய கருவி அது. வாசலில் நிற்பவரின் முகத்தைக் கேமராவில் பார்த்து யாரென்று சொல்லும்.

"சும்மா சும்மா கதவைத் திறக்க வெச்சா, நாளைக்கு எவன் உள்ள வருவான்னு யார் கண்டா?" என்றான் அவள் கணவன், இளைய மகன். "போதும்மா. சாயங்காலம் நம்ம வீட்டுக்குக் கிளம்பு."

"உன் வீட்டுல சுவிட்ச் எங்க இருக்குன்னு தெரியறதுக்குள்ள என் ஆயுசு முடிஞ்சிடும்டா." மாமியார் மருமகள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இந்த வாயாடியைத் திருத்த முடியுமா, முடியாதா?"

"சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க அத்தை."

அவள் லேப்டாப்போடு உட்கார்ந்தாள். முகம் தேட அவள் வெளியிலிருந்து எடுத்துப் போட்டிருந்த லைப்ரரி என்ற ஆயத்த நிரலின் மீது குற்றமில்லை. முகம் கிடைக்காதபோது அது வெறுங்கையோடுதான் திரும்பியது. அதற்கும் கருவிக்கும் நடுவே அவள் எழுதிய ரேப்பர் என்ற இணைப்பு நிரல்தான், வெறுங்கையோடு வரக் கூச்சப்படும் விருந்தாளி மாதிரி, ஒரு பூஜ்யத்தை நீட்டிக்கொண்டிருந்தது. பதிந்த முகங்களின் வரிசையோ பூஜ்யத்தில்தான் தொடங்கும். முதலில் பதிந்தது மூத்தவன் முகம்; ஆகவே பூஜ்யம் என்றால் அவன். எதிரே லிஃப்ட் கதவு அசைந்து கேமரா விழித்தபோதெல்லாம், வெற்று வாசல் அவனாகிவிட்டது.

முகம் இல்லையென்றால் மைனஸ் ஒன்று. மைனஸ் ஒன்று வந்தால் பேசாதே. எழுதி முடித்தவளுக்குச் சேமிக்கக் கை வரவில்லை.

"அத்தை, இனிமே மூத்தவர் வந்திருக்கார்னு சும்மா சொல்லாது. பரவாயில்லையா?"

"அவன் வர்றதா இருந்தா ரெண்டு மாசம் முன்னாடியே தம்பட்டம் அடிப்பான். பொய்யா ஒருத்தன் எனக்கு எதுக்கு?" மாமியார் சிரித்தார். பிறகு மெதுவாக, "இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் தலையை வாரிக்கிட்டுதான் போனேன், போ" என்றார்.

சோதித்துப் பார்க்கக் கணவனைக் கீழே அனுப்பினார்கள். லிஃப்டை ஆளில்லாமல் மேலே விடுவது அவன் வேலை. அது வந்து நின்றது. கதவு திறந்து மூடியது. கருவி வாய் திறக்கவில்லை. மறுபடியும் வந்தது. மாமியார் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமே சொல்லலியே?"

"அதான் அத்தை சரி."

கொஞ்ச நேரத்தில், "இளைய மகன் வந்திருக்கிறார்" என்றது. பின்னாலேயே அழைப்புமணி.

"அம்மா, திற. சரி, நீ இங்கயே இரு. தோத்துட்டேன்."

மாமியார் எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தார். மருமகளிடம் திரும்பி, உதட்டில் விரலை வைத்து, இன்னொரு மணிக்காகக் காத்து நின்றார்.