மூவாயிரம் அடிக்கு எந்த மயக்கம்

மனித குலம் அடைந்த வெற்றிகளிலேயே மகத்தானது, வலியை மனத்தால் வென்றதுதான். இப்படிச் சொன்னவர் உருக்கு. சொன்ன இடம் ஆஸ்பத்திரி இரண்டாம் மாடிக் கழிப்பறை வாசல். ஒரு கை சுவரிலும் இன்னொரு கை இடுப்பிலும் இருந்தன.

உருக்கு என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, வகுப்புகளில் ஒட்டிக்கொண்டது. அலுவலகம் அலுவலகமாகப் போய், சோர்ந்துபோன ஊழியர்களுக்கு மன உறுதி வகுப்பு எடுப்பது அவர் தொழில். எந்த வகுப்பும் ஒரே கதையில்தான் முடியும்: பத்தொன்பது வயதில் மயக்க ஊசியை மறுத்து, கண்ணைத் திறந்துகொண்டே குடல்வால் ஆபரேஷன் செய்துகொண்ட கதை. கடைசியில் சட்டையைத் தூக்கி வலப்பக்கத் தழும்பைக் காட்டுவார். கைதட்டலில் கூரை பிய்த்துக்கொண்டு போகும்.

இப்போது அவருடைய இடது சிறுநீரகத்தில் ஒன்பது மில்லிமீட்டரில் ஒரு கல். மறுநாள் காலை அதிர்வலை சிகிச்சை. எந்த மயக்கம் என்று முடிவு செய்ய, மயக்க மருந்து டாக்டரின் அறையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி. பின்னால் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி மச்சான், அதாவது மனைவியின் தம்பி. வீடியோ உருக்கின் ஏற்பாடுதான்.

“கத்தி கிடையாது,” என்றார் டாக்டரம்மா. “வெளியில இருந்தே மெஷின் கல்லு மேல அடிக்கும். மூவாயிரம் அடி. ஒவ்வொண்ணும் உள்ளுக்குள்ள சுண்டுற மாதிரி இருக்கும். வலி மருந்து மட்டும் போட்டுப் பண்ணலாம், அரைத் தூக்கத்துல பண்ணலாம், முழு மயக்கமும் குடுக்கலாம். அசையாம படுத்தாதான் அடி கல்லு மேல விழும். உங்களுக்கு எது?”

உருக்கு செல்போன் பக்கம் திரும்பினார். “நாலாவதா ஒரு வழி இருக்கு டாக்டர். எதுவுமே வேண்டாம்.”

“மாமான்னா மாமாதான்!” என்றான் மச்சான்.

டாக்டர் படிவத்தை இழுத்தார். “இதுக்கு முன்னாடி ஆபரேஷன் ஏதாவது?”

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர்போல உருக்கு நிமிர்ந்தார். முழுக் கதையும் வந்தது. தழும்பும் வந்தது. டாக்டர் கைதட்டவில்லை. கல்லுக்காக எடுத்த சி.டி. ஸ்கேன் அறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“குடல்வாலையா எடுத்தாங்க?”

“ஆமா. தட்டுல போட்டதை இந்தக் கண்ணால பாத்தேன்.”

“அது உள்ளதான் இருக்கு. இயல்பா இருக்குன்னு எழுதியிருக்காங்களே.”

உருக்கு சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

“மறுபடி வளந்திருக்குமோ?” என்றான் மச்சான்.

“அது என்ன தலைமுடியா?” என்றார் டாக்டர்.

மனைவி கணவரை மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். “அப்போ அந்தத் தழும்பு?”

“கம்பி வேலி,” என்றார் உருக்கு. “பந்து எடுக்கத் தாண்டினப்போ கிழிச்சிடுச்சு.”

“தையல் போட்டாங்களா?” என்றாள் மனைவி.

“மரத்துப்போற ஊசி போட்டுட்டுத்தான்.”

“அக்கா, நிறுத்திடவா?”

“நீ எடுடா.”

அவள் குரல் உயரவில்லை. “ஏங்க, பெரியவ பொறக்கும்போது முதுகுல ஊசி போட்டா வலி தெரியாதுன்னு டாக்டர் சொன்னாங்க. நீங்க என்ன சொன்னீங்க?”

சுவரில் தொங்கிய சிறுநீரகப் படத்தை உருக்கு ஆழ்ந்து படித்தார்.

“‘வயித்தை அறுத்தப்பவே நான் வாயைத் திறக்கலை’ன்னீங்க. பதினாறு மணி நேரம். சின்னவனுக்குப் பதினோரு மணி நேரம். கத்தினா உங்க பேரு என்ன ஆகும்னு பெட்ஷீட்டைக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்.”

டாக்டரின் பேனா நின்றுவிட்டது. மச்சானின் கை தானாகவே இறங்கியது. செல்போன் இப்போது உருக்கின் செருப்பைப் படம்பிடித்துக்கொண்டிருந்தது.

“டாக்டர்,” என்றாள் மனைவி, “அவரு கேட்ட நாலாவது வழியையே எழுதிடுங்க.”

“ஐயோ, டாக்டர்!” அந்தக் குரலை அவர் வகுப்பில் யாரும் கேட்டதில்லை. “படுக்கப்போறது நான். நான்தானே சொல்லணும்?”

“சொல்லுங்க,” என்றார் டாக்டர்.

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

“முழு மயக்கம்.”

மனைவி படிவத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். ‘முந்தைய அறுவை சிகிச்சைகள்’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினாள். அழுத்திய அழுத்தில் அடுத்த தாளிலும் பதிந்தது.

மறுநாள் காலை, மயக்க மருந்து ஏற்றக் கையில் ஊசி குத்துவதற்காக நர்ஸ் வந்தார். அந்த ஊசி குத்துவதற்கு முன்னால் கொடுக்க ஏதாவது மயக்கம் உண்டா என்று உருக்கு கேட்டார்.