குழாய்க்குள் கை விடாதீர்கள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. எங்கள் ஊர் லூத்தரன் தேவாலயச் சபையின் பனிக்காலச் செய்தித்தாளில் கால் பக்கம் காலியாகக் கிடந்தது. அதை நிரப்ப, வீட்டுப் பாதையில் விழும் பனியை அள்ளி வீசும் எந்திரத்தைப் பத்திரமாக இயக்குவது எப்படி என்று பத்து வரி எழுதித் தரச் சொன்னார்கள். எதற்காக இப்போது திடீரென்று கேட்கிறார்கள் என்பது தெருவுக்கே தெரியும். எங்கள் தெரு ரெய்னோ மெட்சாலாவின் பெயரை மட்டும் யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊரான கால்யுமெட்டில் யாரும் எதையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஏலக்காய் ரொட்டி சுட்டு, துணியில் சுற்றி, வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். வாங்கிக்கொண்டவர் புரிந்துகொள்ள வேண்டும்.

முதல் வரி எளிதாக வந்தது: "குழாய்க்குள் கை விடாதீர்கள்."

இரண்டாவது வரி வரவில்லை. ஏனென்றால் முதல் வரி ரெய்னோவுக்கும் தெரியும். எந்திரத்தின் நெற்றியிலேயே அது ஒட்டியிருக்கிறது, படத்தோடு. ஒரு கை, ஒரு பிளேடு, தனித்தனியாகப் பறக்கும் விரல்கள். வரைந்தவர் ரசித்து வரைந்திருக்கிறார். அந்தப் படத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே ரெய்னோ எத்தனையோ பனிக்காலங்களைத் தள்ளியிருக்கிறார்.

தெரியாதவனுக்கு அறிவுரை எழுதலாம். தெரிந்தவனுக்கு என்ன எழுதுவது? அதனால்தான் கதை.

2

முதல் தொடக்கம்: "விடிவதற்கு முன்பே ஏரி தன் வேலையை முடித்திருந்தது."

(அடித்துவிட்டேன். சுப்பீரியர் ஏரி பனியை அள்ளி எங்கள் தலையில் கொட்டுவது உண்மைதான். ஆனால் அதைப் பாத்திரமாக்கினால் பழி முழுவதையும் அதன் மேல் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்வேன்.)

இரண்டாம் தொடக்கம்: "ரெய்னோ ஒரு பிடிவாதக்கார"

(பாதியில் நிறுத்தினேன். அந்தச் சொல்லைப் போட்டுவிட்டால் போன விரல்கள் அவர் குற்றமாகிவிடும். நீங்களும் நானும் நிம்மதியாகக் காப்பி குடிக்கப் போய்விடலாம்.)

மூன்றாம் தொடக்கம்: "ஐலாவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போகும் வண்டி விடிந்ததும் வரும்."

இது நிற்கிறது. இதில் அலங்காரம் இல்லை. ஐலா ரெய்னோவின் மனைவி. சிறுநீரகம் கைவிட்டுப் பல மாதங்கள் ஆகின்றன. வாரத்தில் மூன்று காலை அந்த வண்டி வந்தாக வேண்டும். வீட்டுப் பாதை பனியில் மூடிக்கிடந்தால் ஓட்டுநர் உள்ளே வரமாட்டார். சக்கர நாற்காலியை முழங்கால் பனியில் இழுக்க யாராலும் முடியாது. ஆக, அந்தப் பாதை திறந்திருந்தால் ஐலா தன் வீட்டில், தன் படுக்கையில் இருக்கலாம். மூடிக்கிடந்தால் இருக்க முடியாது.

கதை அவ்வளவுதான். மீதியெல்லாம் பனி.

3

இப்போது எதிர்வீட்டு டெல்பர்ட்டைக் கொண்டுவர வேண்டும். நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பாத்திரம். காரணம், அவர் நல்லவர். நல்லவரை வைத்துக் கதையில் கெட்டது நடத்துவது பெரிய வேதனை.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் உங்கள் பாதை திறக்கவில்லை என்றால், எதிர்வீட்டுக்காரர் தன் எந்திரத்தை உருட்டிக்கொண்டு வந்து திறந்துவிடுவார். நீங்கள் கேட்கக் கூடாது, அவர் சொல்லக் கூடாது, நன்றியும் கிடையாது. கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது: ஒருவருடைய பாதையை அடிக்கடி அடுத்தவர் திறக்கிறார் என்றால், அவர் முடிந்துபோனார் என்று பொருள். அடுத்து வீட்டின் முன்னால் விற்பனைப் பலகை நடப்படும். இதை யாரும் எழுதிவைக்கவில்லை. எல்லாரும் அதன்படிதான் நடக்கிறார்கள்.

அதனால் ரெய்னோவின் காலை என்பது பந்தயம். டெல்பர்ட்டின் கராஜ் கதவு மேலே எழுவதற்குள் தன் பாதையை முடித்துவிட வேண்டும். பந்தயம் நடப்பதே டெல்பர்ட்டுக்குத் தெரியாது. இரண்டு முறை அவர் வென்றும் விட்டார், பாவம். இரண்டாம் முறை ரெய்னோ கதவைத் திறந்தபோது பாதை பளிச்சென்று கிடந்தது.

"என்னப்பா ரெய்னோ, நல்ல தூக்கமா? நான் பாத்துக்கிட்டேன். நீ போய் காப்பியப் போடு," என்றார் டெல்பர்ட்.

ரெய்னோ காப்பி போடப் போகவில்லை. உள்ளே போய்ச் சமையலறையில் நின்றபடி திறந்த பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். யாரோ தன் வீட்டில் திருடிவிட்டுப் போனதுபோல.

4

மகள் கார்லா பல மணி நேரம் தள்ளி, கிரீன் பேயில் இருக்கிறாள்.

(இவளைக் கொஞ்சம் கொடுமைக்காரியாக்கினால் கதை சுலபமாக நடக்கும் என்று நினைத்தேன். ஒரு பத்தி எழுதியும் பார்த்தேன். முடியவில்லை. பனிப்புயலில் அத்தனை தூரம் காரோட்டி வந்து, அம்மாவின் கால் நகங்களை வெட்டிவிட்டுத் திரும்பிப் போகிற பெண்ணை எப்படிக் கொடுமைக்காரியாக்குவது?)

கார்லா அவ்வப்போது டெல்பர்ட்டுக்குப் போன் போட்டு அப்பாவைப் பற்றி விசாரிப்பாள். டெல்பர்ட் அவளுக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "நீ எதுக்கும்மா கவலப்படுற? உங்கப்பனுக்கு முடியலன்னா என்ன, நான் இல்லையா? இப்பகூட ரெண்டு தடவ நானே தள்ளிவிட்டேன்."

அன்று மாலையே அப்பாவுக்குப் போன் வந்தது.

"அப்பா, நான் சண்ட போடல. ஆனா இன்னொரு தடவ டெல்பர்ட் அங்கிள் வந்து தள்ளுனாருன்னு கேள்விப்பட்டேன்னா, அம்மாவ இங்க கூட்டிட்டு வந்துருவேன். இங்க ஆஸ்பத்திரி பக்கத்துலயே ஒரு முதியோர் இல்லம் இருக்கு. நான் பாத்து வெச்சிருக்கேன்."

"சரி," என்றார் ரெய்னோ. அவர் பேச்சில் பாதி இந்தச் சொல்தான். மீதிப் பாதி மௌனம்.

5

அந்தக் காலை.

இரவெல்லாம் பனி கொட்டியிருந்தது. ரெய்னோ பின்பக்கக் கராஜிலிருந்து தொடங்கித் தெருவரைக்கும் பாதையைத் திறந்துகொண்டு வந்தார். பஞ்சுப் பனி, எந்திரம் அதைக் குழாய் வழியாகப் பூவாணம்போல வீசிற்று. முடிந்துவிட்டது என்றே நினைத்தார். அப்போது ஊர்ப் பனி வாரும் வண்டி தெருவோடு போயிற்று. போகிற போக்கில், நடுத்தெருவில் வாரிய ஈரப் பனியை அவருடைய பாதையின் வாயில் இடுப்புயரக் கரையாகக் கொட்டிவிட்டுப் போனது. இங்கே வீட்டுக்காரர்களுக்குக் கெட்ட வார்த்தை கற்றுக்கொடுப்பது பள்ளிக்கூடம் அல்ல, அந்த வண்டிதான்.

அந்தக் கரையில் எந்திரம் நுழைந்ததும் குழாய் அடைத்துக்கொண்டது. சிமெண்டு மாதிரிப் பனி. இன்ஜின் முனகிற்று.

ரெய்னோ இன்ஜினை அணைத்தார். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். (விதிப்படிதான். இதைத் தாளில் எழுத விரும்புகிறேன்: அந்த மனிதர் விதிப்படிதான் எல்லாம் செய்தார்.)

அப்போது எதிரே டெல்பர்ட்டின் கராஜ் கதவு மேலே எழத் தொடங்கியது. கதவுக்கடியில் மஞ்சள் வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்து, அகன்றுகொண்டே வந்தது.

6

இங்கே நீங்கள் என் சட்டையைப் பிடிப்பீர்கள். குழாயைக் குத்தி விடுவதற்கென்றே அந்த எந்திரத்தில் நீளமாக ஒரு சிவப்புக் குச்சி மாட்டியிருக்குமே, அது எங்கே?

அது ஐலாவிடம் இருக்கிறது.

அவள் படுத்த படுக்கையான பிறகு குரல் மெலிந்துவிட்டது. கூப்பிட்டால் அடுத்த அறைக்குக் கேட்காது. ரெய்னோ மணி வாங்கிக் கொடுத்தார். "நான் என்ன மாடா?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பிறகு ஒரு நாள் அந்தச் சிவப்புக் குச்சியை எந்திரத்திலிருந்து கழற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். கனமில்லை, நீளம் உண்டு, சுவரில் தட்டினால் கணீரென்று கேட்கிறது. அது அவளுக்குப் பிடித்துவிட்டது.

அவர்களுக்குள் ஒரு பேச்சும் இருந்தது. ரெய்னோ வெளியே பனி தள்ளும்போது இன்ஜின் சத்தம் நின்றால், அவள் சுவரில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். அவர் உடனே வலது கையால் எந்திரத்தின் தகரத்தில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். இருக்கியா, இருக்கேன். அவ்வளவுதான். வாழ்நாள் முழுக்க அவர்கள் பேசியதில் ஆகக் காதலான உரையாடல் அதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

(சரி, வேறு குச்சியே கிடையாதா, துடைப்பம்கூடவா இல்லை என்றால், இருந்தது. கராஜில். கராஜ் பின்னால், டெல்பர்ட்டின் வெளிச்சம் முன்னால். நீங்களும் நானும் திரும்பி நடந்திருப்போம். நம் மனைவியின் படுக்கை அந்த வெளிச்சத்தில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை.)

7

அப்புறம் நடந்தது. இன்ஜின் நின்றாலும் உள்ளே பெல்ட் முறுக்கோடு இருக்கும். இறுகிய பனிதான் பிளேடைப் பிடித்துவைத்திருக்கும். பனியை விடுவித்தால் பிளேடு ஒரு முறை துள்ளும். ஒரே முறைதான். பிறகு சாதுவாக நின்றுவிடும்.

வலது கையில் மூன்று விரல்கள் போயின.

முதலில் ஓடிவந்தது டெல்பர்ட். தன் தொப்பியைக் கழற்றி அந்தக் கையைச் சுற்றிக் கட்டினார். ரெய்னோ வெளுத்துப்போன முகத்தோடு அவரிடம் சொன்னது இதுதான்: "பாதைய முடிச்சிடு, டெல்பர்ட். வண்டி வந்துரும்."

டெல்பர்ட் முடித்தார். அது மூன்றாம் முறை.

8

மாற்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: குச்சி எந்திரத்திலேயே இருக்கிறது. விரல்கள் பிழைக்கின்றன. ஆனால் ஐலா இரவில் கூப்பிடுகிறாள், யாருக்கும் கேட்கவில்லை. (கிழித்துவிட்டேன்.)

இரண்டு: டெல்பர்ட் அன்று தூங்கிப்போகிறார். அன்றைக்குச் சரி. ஆனால் ஏரி தூங்காது, ஏப்ரல் வரைக்கும்.

மூன்று: டெல்பர்ட் பந்தயத்தைப் புரிந்துகொள்கிறார். தெருவைக் கடந்து வந்து, "வா, சேர்ந்தே தள்ளுவோம், கார்லாகிட்ட நான் வாயத் திறக்க மாட்டேன்" என்கிறார். எழுதும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது. படித்துப் பார்த்தால் பொய். எங்கள் தெருவில் இப்படி ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடித்த ஆண் கிடையாது.

9

கிரீன் பே போய் அவர்களைப் பார்த்தேன். ஐலா இல்லத்தில் இருக்கிறாள். ரெய்னோ கார்லா வீட்டுக் கீழ்த்தளத்தில் இருக்கிறார், பகலெல்லாம் ஐலாவின் ஜன்னலோரம். வெளியே கூலிக்கு வந்த ஆள் பனி தள்ளிக்கொண்டிருந்தான். "குழாய அந்தப் பக்கம் திருப்புடா மடையா, காத்து எந்தப் பக்கம் அடிக்குது?" என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து ரெய்னோ அவனுக்கு வேலை சொன்னார். கட்டுப் போட்ட கை மடியில் கிடந்தது, வேறு யாருடையதோபோல.

அவர் கார்லாவோடு காப்பி வாங்கப் போனதும் ஐலா என் கையைப் பிடித்தாள். சிவப்புக் குச்சி அவள் பக்கத்திலேயே இருந்தது.

"நீ இதப்பத்தி ஏதோ எழுதுறியாமே," என்றாள், அந்த மெலிந்த குரலில். "ஒண்ணு சொல்றேன். அன்னைக்கு மிஷின் சத்தம் நின்னுச்சு. எனக்குக் கேட்டுச்சு. நான் தட்டல."

அவள் என் கையை விடவில்லை.

"அசதியா இருந்துச்சு. அப்புறம் தட்டிக்கலாம்னு கண்ண மூடிட்டேன். தட்டியிருந்தா அவரு பதில் தட்ட அந்தக் கைய வெளிய எடுத்திருப்பாருல்ல?"

ரெய்னோ திரும்பி வந்தபோது கடைசி வார்த்தை அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். கோப்பையை இடது கையால் பக்குவமாக மேசைமேல் வைத்தார்.

"அவ தட்டுனா," என்றார் என்னிடம். "ரெண்டு தட்டு. நல்லாக் கேட்டுச்சு. நான்தான் பதில் தட்டல."

"பொய் சொல்றாரு," என்றாள் ஐலா.

"தூக்கத்துல தட்டுனது இவளுக்கு எப்படித் தெரியும்?" என்றார் ரெய்னோ.

திரும்பி வந்தால் தெருவில் டெல்பர்ட். "நான் அந்தக் கதவத் தொறந்திருக்கவே கூடாது" என்றார். கார்லா ஏற்கெனவே போனில், தன் பேச்சால்தான் எல்லாம் என்று என்னிடம் அழுதிருந்தாள். உலகத்தில் எங்கேயும் பழியைத் தள்ளிவிடத்தான் அடித்துக்கொள்வார்கள். இங்கே ஆளாளுக்குத் தன் பக்கம் வாரிக்கொள்கிறார்கள்.

ரெய்னோவின் வீட்டு முன்னால் விற்பனைப் பலகை இருக்கிறது, பாதி பனிக்குள். வண்டி வருவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு பனிக்கும் டெல்பர்ட் அந்தப் பாதையைத் திறந்துவைக்கிறார், கராஜிலிருந்து தெருவரைக்கும், ஓரமெல்லாம் சீராக. அதைப் பற்றி யாரும் எதுவும் கேட்பதில்லை.

10

சபைத் தாளுக்கு அந்த ஒற்றை வரியை மட்டும் அனுப்பினேன். மீதி இடத்தில் ஏலக்காய் ரொட்டி செய்முறை போட்டுக்கொண்டார்கள்.

கதைக்கு முடிவு என்னிடம் இல்லை. ஐலா தட்டவில்லை என்று எழுதினால் அவளைக் கொன்றுவிடுவேன். தட்டினாள் என்று எழுதினால் அவர் சொன்ன அழகான பொய்யை நான் அச்சில் போட்டு அசிங்கமாக்கிவிடுவேன். அதனால் எல்லாரையும் ஐந்தாம் பகுதியின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். இன்ஜின் அணைந்துவிட்டது. சாவி பையில். எதிர்க்கதவு பாதி உயர்ந்திருக்கிறது, வெளிச்சம் பனிமேல் நீண்டு வருகிறது. ரெய்னோ குனிந்துவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் ஐலா கண்ணை மூடியிருக்கிறாள், குச்சி போர்வைமேல் கிடக்கிறது.

உங்கள் கைக்கு எட்டும்.

இரண்டு தட்டு போதும். அவர் பதில் தட்டாமல் இருக்க மாட்டார், அந்தக் கையால்தான் தட்டுவார். அடுத்த பனிக்கு என்ன செய்வது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். இப்போதைக்குத் தட்டுங்கள்.