மஹரோடு வந்த வாள்

பழைய வாள் எந்த ஊரில், எந்தக் காலத்தில் அடித்தது என்று தெரிய வேண்டுமானால் மரவி நகரில் சொராய்தாவிடம்தான் போவார்கள். அன்று மகபாடோ அவளைத் தன் வீட்டுக்கே வரவழைத்திருந்தார். மறுநாள் அவர் மகளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குத் தரும் மஹரோடு, நெளிநெளியான அலகுள்ள ஒரு கிரிஸ் வாளும் கொண்டுவந்திருந்தார்கள். உறையிலிருந்து அதை உருவியதுமே அவர் முகம் மாறிவிட்டது.

அவர் சின்னப் பையனாக இருந்தபோது அவருடைய அப்பாவை ஏரிக்கரையில் யாரோ வெட்டிப் போட்டார்கள். இடுப்பிலிருந்த வாளும் போயிற்று. கொன்றது யாரென்று இன்றுவரை தெரியாது. அந்த வாள் சுலுத் தீவில் அடித்தது. அப்பாவின் தாத்தா வைத்திருந்தது. இதுவும் அதே நெளிவு, அதே நீளம்.

“அதுதான்னு நீ சொல்லிட்டா போதும் தங்கச்சி. மத்ததை நாங்க பாத்துக்கறோம்” என்றார்.

அவர் தம்பிகள் கதவை அடைத்து நின்றார்கள். கீழே மாப்பிள்ளை வீட்டார் காபி குடித்துச் சிரிப்பது மேலே கேட்டது.

சொராய்தா வாளை மடியில் வைத்துப் பார்த்தாள். பிடி இந்த ஊர் வேலை. ஆனால் பிடியை யாரும் மாற்றலாம். அலகு சுலு அடிப்பேதான். இது அதல்ல என்று பொய் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள். வேறு யாரிடமாவது இவர் காட்டினால்?

எலுமிச்சை கேட்டு வாங்கி, பிடிக்கு மேலே அலகு அகலும் இடத்தில் சாற்றைத் தடவிக் காத்திருந்தாள். கீழே சிரிப்பு நின்றது. யாரோ படியேறினார்கள். ஒரு தம்பியின் கை இடுப்புக் கத்திக்குப் போனது. வந்தது மணப்பெண். இன்னும் காபி வேண்டுமா என்று கேட்டாள். மகபாடோ வேண்டாமென்று கையசைக்கத் திரும்பிப் போனாள்.

சாறு பட்ட இரும்பில், மடித்து அடித்த ரேகைகள் மெல்லத் தெளிந்தன.

“அண்ணே, இங்க பாருங்க. அந்தக் காலத்து வாள்ல இந்த அடித்துண்டைத் தனியா அடிச்சுப் பொருத்துவாங்க. இதுல ஒரே இரும்பு, பொருத்துன மாதிரி சும்மா கோடு கீறியிருக்கான். ரேகை கோட்டைத் தாண்டி ஓடுது. உங்க அப்பாவோட தாத்தா காலத்துல இப்படி அடிக்கல. இது பின்னாடி வந்தது.”

“கல்யாணம் நிக்கக் கூடாதுன்னு இப்படிச் சொல்றியா?”

“என்னை விடுங்க. உங்க கண்ணால பாருங்க.”

அவர் ஜன்னலருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபக்கமும் பார்த்தார். பிறகு தம்பிகளிடம், கீழே போய்ச் சாப்பாடு எடுத்துவைக்கச் சொன்னார். அவர்கள் போனதும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப அவர் வாள் எங்கதான் இருக்கு?”

சொராய்தா வாளைத் துடைத்து எண்ணெய் போட்டாள். பிறகு அதை உறையிலிட்டு அவர் பக்கத்தில் வைத்தாள்.