பகலில் தெளிந்த கோடு

"சூரியன் போனா சிக்னலும் கொறையணும்தானேப்பா, ஏன் கூடுது?" என்று காமினி ஒருமுறை கேட்டாள்.

ஆயர் ஈத்தாம் மலையடிவார அடுக்குமாடி வீட்டுச் சன்னலில் அவள் அப்பா தயாளன் செம்புக்கம்பி சுற்றிய மரச்சட்டம் ஒன்றை மாட்டியிருந்தான். கடல் கடந்து வரும் மிகத் தாழ்ந்த அலைவரிசை வானொலிச் சமிக்ஞையை அது பிடித்துத் தர, கணினி அதன் வலுவைக் கோடாக வரையும். பகல் வெயில் வானத்தில் தாழ்வான படலம் ஒன்றை உண்டாக்கி அலையின் வலுவைத் தின்கிறது. அந்தியில் படலம் கலைந்ததும் அலை இன்னும் உயரத்தில் பட்டு வலுவாகத் திரும்புகிறது என்று விளக்கினான். "அப்ப ராத்திரிதான் நல்லதுலா" என்றாள். அவளுக்கு எட்டு வயது. இரத்தப் புற்றுநோய்.

அவள் படுக்கையோடு கிடந்த கடைசி மாதங்களில், வழக்கமாக முள்முள்ளாகச் சிதறும் பகல் கோடும் தெளிவாக ஓடியது. வானம் இரங்கியது என்று நம்பி, தயாளன் தண்ணீர்மலை முருகனுக்கு நன்றி சொன்னான்.

காமினி போன பிறகு முட்கள் திரும்பின. சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டு மஹ்பூபாவின் மின் தையல் மிஷின் ஓடும்போதெல்லாம் அவை எழுவதை இப்போதுதான் கவனித்தான். மகளோடு தொடங்கிய பதிவு. அது சிதைவதைத் தாங்க முடியவில்லை. பகலில் தைக்க வேண்டாம் என்று கேட்கப் போனான்.

"வாங்க தம்பி. மிஷின் சத்தமா? ராயா பெருநாள் ஆர்டர்லா, என்ன செய்ய."

"முன்ன இப்படி இல்லையேக்கா."

"முன்ன ஒங்க பாப்பா பகல்ல தூங்கிச்சு. எழுப்பிரக் கூடாதுன்னு கையால தைச்சேன். நீங்க பாஜு சட்டையத் தைச்சுத் தர்றதுக்குள்ள நான் குண்டாயிருவேன்னு ஒரு கஸ்டமர் ஏசுனா." மஹ்பூபா சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "நீங்க எதுக்கு வந்தீங்க?"

"சும்மாதான்க்கா."

மறுநாள் அந்தியில், ஏறுமுன் எப்போதும் சற்றே இறங்குவதுபோல், கோடு சரியத் தொடங்கியது. இனி மெல்ல ஏறும். காமினி இருந்தபோதும் இறந்தபின்னும் அந்த நேரத்தில் அவன் நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை. எழுந்தான். லிஃப்ட் பழுது. மஹ்பூபாவுக்கு வந்த துணி மூட்டைகள் கீழே படியோரம் கிடந்தன. முழங்கால் வலியோடு அவள்தான் நான்கு மாடி தூக்க வேண்டும். அவள் அந்திநேர மஹ்ரிப் தொழுகையில் இருக்கும்போதே ஒவ்வொன்றாகத் தோளில் ஏற்றி வந்து அவள் வாசலில் வைத்துவிட்டு, ஓசைப்படாமல் தன் கதவைச் சாத்திக்கொண்டான்.

நடைவழியில் யாருமில்லை. ஒரு மூட்டையிலிருந்து நழுவிய பச்சைத் துணியின் ஓரம் மலைக்காற்றில் அவள் கதவைத் தொட்டுத் தொட்டு விலகியது.